லைட் எரியுது, சத்தம் வரல: கிடார் பெடல் சுவிட்ச் ஏன் மக்கர் பண்ணுது

போன மழைக்காலத்துல, இங்க ரங்கூன்ல கல்யாண பேண்டுல வாசிக்கிற தம்பி ஒருத்தன் ஒரு டிஸ்டார்ஷன் பெடல, அதாவது கால்ல மிதிச்சா கிடார் சத்தத்த கரடுமுரடா மாத்துற பெட்டிய, பிளாஸ்டிக் பையில சுத்தி எங்க வீட்டுக்குக் கொண்டு வந்தான். "அண்ணே, சர்க்யூட் அடிச்சிருச்சு போல. லைட் எரியுது, சத்தம் மட்டும் வரல, நாலஞ்சு தடவ மிதிச்சா வருது அப்புறம் திரும்பப் போயிருது"ன்னான். மேடையில சோலோ வர்ற இடத்துல மிதிச்சிருக்கான், செவப்பு லைட் ஜம்முனு எரிஞ்சிருக்கு, ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபயர்) இருந்து ஒரு முனகல் கூட இல்ல, கீபோர்டுக்காரர் திரும்பி மொறச்சிருக்கார்.

நான் சொன்னேன், தம்பி, செத்துப்போன சர்க்யூட் நாலு மிதி வாங்கினா எந்திரிச்சு உக்காராது. மிதிச்சா வருது மிதிச்சா போகுதுன்னா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது எத மிதிக்கிறோமோ அதத்தான். பெடலுக்குள்ள இருக்கிற மத்த சாமான், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஐசி, எல்லாம் அசையாம ஒரே இடத்துல உக்காந்திருக்கிற ஜாதி, சும்மா கெட்டுப் போகாது. அசையுறது, அடி வாங்குறது, தேயுறது எல்லாம் முக்கியமா சுவிட்ச்சும், கேபிள் சொருகுற ஜாக்கும்தான். ஆனா அவன் கேட்ட அடுத்த கேள்வி நல்ல கேள்வி: "சுவிட்ச் கெட்டிருந்தா லைட் மட்டும் எப்படிண்ணே எரியுது?" இத புரிஞ்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தானா புரிஞ்சிடும், அதனால இந்த ஒரு கேள்விய வச்சே போறேன்.

மொதல்ல பைபாஸ்னா என்னன்னு பாத்துடுவோம். ஊருக்கு வெளிய பைபாஸ் ரோடு போட்டிருப்பாங்கல்ல, ஊருக்குள்ள போகணும்னா ஒரு வழி, வேண்டாம்னா சுத்திப் போற வழி. பெடலும் அதே கதைதான். கிடார்ல இருந்து வர்ற சிக்னல் எஃபெக்ட் சர்க்யூட்டுக்குள்ள நுழைஞ்சு வந்தா டிஸ்டார்ஷன், நுழையாம நேரா ஆம்புக்குப் போனா சுத்தமான சத்தம். இந்த ரெண்டுல எந்த வழின்னு முடிவு பண்றதுதான் சுவிட்ச்சோட வேல. ஆனா ரோட்டுக்கு நுழையிற இடத்துல ஒரு கேட்டு, வெளிய வர்ற இடத்துல ஒரு கேட்டுன்னு ரெண்டு வேணும், ரெண்டும் ஒரே நேரத்துல மாறணும். அந்த ரெண்டும் ஒரே பொத்தான்ல சேந்து இருக்கிறது டிபிடிடி, அடியில ஆறு கால் இருக்கும். 1966ல வந்த ஃபஸ் ஃபேஸ் மாதிரி பழைய பெடல்ல எல்லாம் இதான், லைட்டே கிடையாது, ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு காதால கேட்டுத் தெரிஞ்சுக்கணும். அப்புறம் லைட் வேணும்னு ஆசை வந்துச்சு, லைட்டுக்கு மூணாவதா ஒரு கேட்டு தேவைப்பட்டுச்சு, அப்படி ஒம்பது காலோட வந்ததுதான் த்ரீபிடிடி. ஆஃப்ல இருக்கும்போது சிக்னல் சர்க்யூட்டத் தொடாம நேரா போறதுக்குப் பேரு ட்ரூ பைபாஸ், இன்னைக்கு அப்படி எழுதி விக்கிற பெடல் பாதியத் தொறந்தா அந்த நீல கலர் டப்பாதான் உள்ள இருக்கும், மேல இரும்புக் குமிழ், அமுக்கினா டொக்குன்னு பலமா ஒரு சத்தம். நடுவுல ஆர்.ஜி. கீன்னு ஒருத்தர் மில்லேனியம் பைபாஸ்னு ஒரு குட்டி சர்க்யூட் போட்டு ஆறு கால் சுவிட்ச்ச வச்சே லைட்டையும் எரிய வச்சார், பெடல் கட்டுற ஆளுங்க நடுவுல அது ரொம்ப பிரபலம், இப்ப அதுக்குள்ள போக வேணாம்.

நீல டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னா மூணு சீசா பலகை. பிள்ளைங்க பார்க்ல ஆடுமே அதே மாதிரி, ஆனா நகத்த விடச் சின்னது, செம்புத் தகடு. ஒவ்வொண்ணும் நடுக்கால் மேல உக்காந்திருக்கும், இந்தப் பக்கம் சாஞ்சா மேல் காலத் தொடும், அந்தப் பக்கம் சாஞ்சா கீழ் காலத் தொடும். நீங்க பொத்தான மிதிச்சதும் ஸ்பிரிங் வச்ச மூணு குச்சி அந்தப் பலகைங்க மேல வழுக்கி அடுத்த பக்கத்துக்குப் போகும், பட்டன் பேனா மாதிரி ஒரு அமுக்குக்கு இங்க, அடுத்த அமுக்குக்கு அங்க. அவ்வளவுதான் மொத்த மர்மமும்.

இப்ப தம்பியோட கேள்விக்கு வருவோம். மூணு சீசாவும் ஒரே மிதிக்கு ஆடுது, ஆனா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் கரண்ட் சம்பந்தம் எதுவும் கிடையாது. லைட்டோட சீசா சரியா தொட்டா லைட் எரியும், சிக்னலோட சீசா சரியா தொடலன்னா சத்தம் வராது. ஒரே வீட்ல மூணு பேர் குடியிருக்காங்க, ஒருத்தர் வீட்ல வெளிச்சம் தெரியுதுங்கிறதுக்காக பக்கத்து ரூம்காரர் முழிச்சிருக்கார்னு சொல்ல முடியாது இல்ல. லைட் எரியுதுன்னா லைட்டுக்குக் கரண்ட் போகுதுன்னு மட்டும்தான் அர்த்தம், பெடல் வேல செய்யுதுன்னு அர்த்தமே இல்ல.

ஆனா இன்னும் ஒரு விசயம் இருக்கு, எனக்கே இது புரிய ரொம்ப நாள் ஆச்சு. மூணும் ஒரே மாதிரி பலகை, ஒரே நாள்ல செஞ்சது, ஒரே அளவு மிதி வாங்குது, அப்ப ஏன் பெரும்பாலும் சிக்னல் பக்கமே போகுது, லைட் பக்கம் ஏன் அவ்வளவா போறதில்ல?

சுவிட்ச் மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாருங்க, 250 வோல்ட் 2 ஆம்பியர், 125 வோல்ட் 4 ஆம்பியர்னு இருக்கும். அதாவது வீட்டு கரண்ட ஆன் ஆஃப் பண்ற அளவுக்கு இதுக்குத் தெம்பு இருக்கு. கிடார்ல இருந்து வர்றது எவ்வளவு தெரியுமா, மெதுவா வாசிச்சா ஒரு வோல்ட்ல பத்துல ஒரு பங்குன்னு வச்சுக்கங்க. அது போய்ச் சேர்ற இடத்துல பெரும்பாலும் 1 மெகாஓம் மாதிரி பெரிய தடை இருக்கும். கணக்குப் போட்டா கரண்ட் 0.1 மைக்ரோஆம்பியர் வருது. 2 ஆம்பியர் போகலாம்னு எழுதியிருக்கிற வழில அதுல 2 கோடில ஒரு பங்குதான் போகுது! யானை போற வாசல்ல எறும்பு போற கதை. சரி, பெரிய வாசல்னா எறும்புக்கு நல்லதுதானேன்னு தோணும், அங்கதான் இடிக்குது. யானை தினம் போற வாசல்ல ஒட்டடை நிக்காது, போற போக்குல கிழிச்சிட்டுப் போயிடும். எறும்பு மட்டும் போற வாசல்ல ஒட்டடை கட்டினா எறும்பு அங்கயே நின்னுடும்.

அந்த ஒட்டடை என்னன்னா உலோகத்து மேல படியிற மெல்லிசான கறுப்பு. இந்த சுவிட்ச்சுங்கள்ல தொடுற இடத்துல பெரும்பாலும் வெள்ளி முலாம்தான். வெள்ளிக் கொலுசு பெட்டியில வச்சாக் கூட கறுத்துப் போகுமே, காத்துல இருக்கிற கந்தகத்தோட சேந்து, அதே கறுப்புதான் சுவிட்ச்சுக்குள்ளயும். பெரிய கரண்ட் போற இடத்துல தொடும்போதெல்லாம் சின்னதா ஒரு பொறி அடிச்சு அந்தக் கறுப்ப எரிச்சிடும். லைட்டுக்குப் பொறி அடிக்கிற அளவுக்குப் போகாது, ஆனாலும் பின்னாடி 9 வோல்ட் தள்ளுது, கரண்டும் ஒண்ணு ரெண்டு மில்லிஆம்பியர் போகும், அதாவது சிக்னல விட பத்தாயிரம் மடங்குக்கு மேல. அதனால கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் தள்ளிக்கிட்டுப் போயிடும். மீறி கொஞ்சம் கொறைஞ்சாலும் லைட் லேசா மங்குறது கண்ணுக்குத் தெரியப் போறதில்ல. சிக்னல் பாவம், தள்ள ஆள் இல்ல, கொஞ்சம் கொறைஞ்சாலும் கரகரன்னு காதுல விழும்.

இதோட நம்ம ஊரு தட்பவெப்பத்தச் சேத்துக்கங்க. வருசத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல மழை, மே கடைசியில ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் சுவரே வேர்க்கும், செருப்புல பூஞ்சை பிடிக்கிற ஊர்ல சுவிட்ச் மட்டும் காஞ்சு கிடக்குமா. மீ ப்யெட், அதான் கரண்ட் கட், ஆனதும் தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர் ஓடுது, அந்த டீசல் புகையிலயும் கந்தகம் இருக்கு. போதாக்குறைக்கு ஏப்ரல்ல திஞ்சான் தண்ணித் திருவிழா வந்துடும், தண்ணி பீச்சி அடிக்கிற மேடையிலயே நின்னு வாசிக்கிற பேண்டுங்க இருக்கு, குமிழ் மேலயும் கீழயும் போற அந்த இடுக்கு வழியா தண்ணி நேரா சீசா மேலயே இறங்கும். நான் பெடல்போர்டு மொத்தத்தையும் தெளிவான பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிட்டு அது மேலயே மிதிப்பேன், பாக்க அசிங்கமாத்தான் இருக்கும், பரவால்ல.

இன்னொரு கணக்கு, இத யாரும் யோசிக்கிறதே இல்ல. ட்ரூ பைபாஸ் பெடல் ஆஃப்ல இருந்தாலும் சிக்னல் அந்த சுவிட்ச் வழியாத்தான் போகுது, உள்ள வர ஒரு சீசா, வெளிய போக ஒரு சீசா. வரிசையா 5 பெடல் வச்சா 10 சீசா, அதுக்கு மேல 10 ஜாக். எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வச்சிருந்தாலும் இதுல ஒண்ணு தொடலன்னா மொத்தமும் ஊமை. அதனால பெடல் ஆஃப்ல இருக்கும்போது சத்தம் வரலன்னாலும் பெடல் மேல சந்தேகப்படலாம், "நான் அத ஆன் பண்ணவே இல்லையே"ங்கிறது சாக்கு ஆகாது.

இப்ப இன்னொரு குடும்பம் இருக்கு, பாஸ், ஐபனேஸ் மாதிரி கம்பெனிங்க பண்றது. 1977ல பாஸ் ஓடி-1 வந்ததுல இருந்து அந்த சின்ன பெடல் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஏற்பாடுதான், பெரிய ரப்பர் மூடி, மிதிச்சா டொக்குன்னு சத்தம் வராது. அந்த மூடிக்கு அடியில டிவி ரிமோட்ல இருக்கிற மாதிரி ஒரு குட்டி பொத்தான்தான் இருக்கும். இதுல சிக்னல் சுவிட்ச் வழியா போகவே போகாது! பொத்தான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, "அமுக்கினாங்க". அதக் கேட்டுட்டு ஃபிளிப் ஃபிளாப்னு ஒரு சர்க்யூட் நிலைய மாத்தும், ஜேஃபெட் டிரான்சிஸ்டருங்க சிக்னலுக்கு வழிய மாத்தி விடும். வீட்டுக்காரர் காலிங் பெல் அமுக்குறார், கதவத் தொறக்கிறது உள்ள இருக்கிற ஆளு, அந்த மாதிரி.

இதுவும் கெட்டுப் போகும், ஆனா வேற மாதிரி கெட்டுப் போகும். கரகரப்பு வராது. மிதிச்சா ஒண்ணுமே நடக்காது, இல்லன்னா ஒரு மிதிக்கு ரெண்டு தடவ மாறி, ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகும். எந்த சுவிட்ச்சும் மூடும்போது ஒரே அடியா மூடுறது இல்ல, தரையில போட்ட பந்து மாதிரி ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட் துள்ளிட்டுத்தான் நிக்கும். புதுசா இருக்கும்போது அந்தத் துள்ளல சர்க்யூட் சமாளிச்சிடும், பொத்தான் தேஞ்சு போனா துள்ளல் ஜாஸ்தியாகி ரெண்டு அமுக்குன்னு எடுத்துக்கும். ஆக அறிகுறிய வச்சே நோயச் சொல்லலாம், கரகரப்பும் பாதி சத்தமும்னா டொக்கு சுவிட்ச் குடும்பம், மிதிச்சதக் காதுல போட்டுக்காத மாதிரி நடிச்சா ரப்பர் மூடி குடும்பம்.

ரெண்டுல எது நல்லதுன்னு கேட்டா சண்டைக்கு வர ஆளுங்க இருக்காங்க. ட்ரூ பைபாஸ்காரங்க சத்தம் கலப்படம் இல்லாம போகும்பாங்க, அதுவும் நெசம்தான், அடாப்டர் புடுங்கிக்கிட்டாலும் ஆஃப்ல இருந்தா அது சிக்னல விடும், ரப்பர் மூடி பெடலுக்குப் பவர் போச்சுன்னா அதோட எல்லாம் ஊமை. ஆனா நான் வாசிக்கிறதுல பாதி கோயில் திருவிழா, அங்க செருப்பக் கழட்டிட்டுத்தான் நிக்கணும், வெறுங்கால்ல அந்த இரும்புக் குமிழ ஒரு ராத்திரி முழுக்க அமுக்கிப் பாருங்க, உள்ளங்கால் சொல்லும் எது நல்லதுன்னு. என் ஓட்டு ரப்பர் மூடிக்குத்தான். குமிழ் மேல மாட்டுற பிளாஸ்டிக் தொப்பியும் கிடைக்குது, ஆனா ரொம்ப உயரமான தொப்பி சில நேரம் டொக்குன்னு மாறுறதுக்கு முன்னாடியே நட்டுல போய் முட்டிக்கும், அப்புறம் சுவிட்ச் கெட்டுப் போச்சுன்னு தூக்கிட்டு வருவாங்க. கால முன்னபின்ன ஆட்டி சத்தத்த "வா வா"ன்னு மாத்துற வா பெடல்லயும் இதே கூத்து, அதுல சுவிட்ச் முன்னாடி பக்கம் மூடிக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், பாதத்தோட முன்பக்கத்த வச்சு நல்லா அழுத்தினாத்தான் எட்டும், பயந்து பயந்து மிதிச்சா மாறாது.

சரி, தம்பியோட பெடலுக்கு என்ன பண்ணோம்னு சொல்றேன். மொதல்ல தொறக்கவே இல்ல. வேற கேபிள் போட்டுப் பாத்தோம், ஜாக்க லேசா ஆட்டிப் பாத்தோம், ஏன்னா பாதி நேரம் திருடன் அவன்தான், ஜாக்கோட நட்டு லூசாகி மொத்தமும் சுத்தி உள்ள ஒயர் அறுந்திருக்கும். ஆட்டினா ஒண்ணும் மாறல, மிதிச்சா மட்டும் மாறுது. அப்புறம்தான் அடி மூடிய கழட்டி மல்டிமீட்டர எடுத்தோம். கிடார், அடாப்டர், பேட்டரி எல்லாத்தையும் புடுங்கிடணும் இதுக்கு. ஒம்பது காலும் தட்டையா இருக்கும், அந்தத் தட்டை படுக்கை வாட்டத்துல தெரியிற மாதிரி பெடலப் பிடிச்சா மேலருந்து கீழ இறங்குற ஒவ்வொரு வரிசையும் ஒரு சீசா. இதுல தப்புப் பண்ணி பக்கவாட்டுல அளந்துட்டு எல்லாமே கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்றவங்க நிறைய. நடுக்காலுக்கும் மேல் காலுக்கும் மீட்டர வச்சு ஓம் பாருங்க, மிதிங்க, நடுவுக்கும் கீழுக்கும் வச்சு பாருங்க, இப்படி ஒரு பத்து தடவ. நல்ல சுவிட்ச்னா மீட்டர் ஒயரோட தடையைக் கழிச்சிட்டா 1 ஓமுக்குக் கீழதான் காட்டும், ஒவ்வொரு தடவையும் அதேதான் காட்டும். தம்பியோடது ஒரு வரிசையில ஒரு தடவ 0.3, அடுத்து 40, அடுத்து தொடவே இல்லன்னு காட்டுச்சு. பீப் சத்தத்த மட்டும் நம்பாதீங்க, பல மீட்டர்ல 40 ஓம்னாலும் பீப் அடிக்கும்.

மாத்தும்போது டப்புன்னு ஒரு சத்தம் வருதுன்னு சொல்லிட்டும் கொண்டு வருவாங்க, அது பெரும்பாலும் சுவிட்ச் கோளாறு இல்ல. உள்ள வாசல்ல இருக்கிற கெப்பாசிட்டர் ஒரு பக்கம் பிடிமானம் இல்லாம தொங்கும்போது அதுல வோல்டேஜ் சேந்து, சுவிட்ச் தொட்டதும் கொட்டிடுது, அதான் டப்பு. அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா அடங்கிடும்.

ஸ்பிரே அடிச்சா சரியாகுமான்னா, கான்டாக்ட் கிளீனர் அடிக்கலாம், குமிழ் இடுக்குல ரெண்டு பீச்சு பீச்சிட்டு முப்பது நாப்பது தடவ மிதிச்சா அன்னைக்குக் கச்சேரி ஓடிடும். ஆனா உள்ள சீசா தேயாம இருக்க கிரீஸ் போட்டிருப்பாங்க, ஸ்பிரே அதையும் கழுவிட்டுப் போயிடும், அப்புறம் சீக்கிரமே திரும்ப வரும். அவசரத்துக்கு ஓகே, வைத்தியம்னு நம்பாதீங்க. டபிள்யூடி-40 வேணவே வேணாம், அது எண்ணெய விட்டுட்டுப் போகும், தூசி வந்து ஒட்டிக்கும். தண்ணி போயிருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டு அலசி ரெண்டு நாள் காய விடுங்க. அரிசி டப்பாவுல புதைச்சு வைக்கிறது உதவாது, அரிசி மாவு உள்ள போறதுதான் மிச்சம்.

கடைசியில மாத்துறதுதான் வழி. துளை 12 மில்லிமீட்டர், அநேகமா எல்லா டொக்கு சுவிட்ச்சும் அதே அளவுதான், அதனால பெடலோட பிராண்டுக்கு அலைய வேண்டியதில்ல. கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, ரெண்டு கோணத்துல எடுங்க. ஈயம் வைக்கிற இடத்துலதான் புது சுவிட்ச்ச நாமளே கொல்றது நடக்குது. நான் மொத மொத மாத்தினப்ப சூடு பத்தாத அயர்ன வச்சுக்கிட்டு ஒவ்வொரு கால்லயும் பத்து பன்னெண்டு செகண்ட் தேய்ச்சுட்டு இருந்தேன், நீல பிளாஸ்டிக் இளகி ஒரு கால் சாஞ்சிடுச்சு, சாஞ்ச கால சீசா எட்டல, உள்ள கிரீசும் உருகி தொடுற இடத்துக்கே வந்துடுச்சு. புது சுவிட்ச், ஒரு தடவ கூட மேடை ஏறல. இப்ப 350 டிகிரி வச்சு ரெண்டு மூணு செகண்ட்ல எடுத்துடுவேன், ஒரு கால முடிச்சா பக்கத்துக் காலுக்குப் போகாம எதிர் மூலைக்குப் போவேன், அது ஆறட்டும்னு. நட்ட ரொம்ப முறுக்காதீங்க, ஆனா லூசாவும் விடாதீங்க, சுவிட்ச் சுத்த ஆரம்பிச்சா ஒயர்தான் அறுபடும். ரப்பர் மூடி குடும்பத்துல வேல இன்னும் லேசு, அந்தக் குட்டி பொத்தானுக்கு ஒண்ணு ரெண்டு ஒயர்தான், சின்னப் பசங்களே மாத்திடலாம்.

இப்ப வர்ற புது பெடல் பலதுல ரெண்டு குடும்பத்தையும் கல்யாணம் பண்ணி வச்சிருக்காங்க. காலுக்கு ஒரு மெத்துனு அமுக்குற பொத்தான், அத மைக்ரோகண்ட்ரோலர்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் சிப் படிக்கும், துள்ளலயும் அதுவே பொறுத்துக்கும், சிக்னல மாத்துறது ஒரு சின்ன ரிலே, அதாவது கரண்ட் குடுத்தா தானா மாறுற சுவிட்ச். ரிலேவும் தொட்டுப் பிரியிற சமாச்சாரம்தான், ஆனா அது சின்ன சிக்னலுக்குன்னே பண்ணது, தொடுற இடத்துல தங்க முலாம், மூடின டப்பாக்குள்ள இருக்கு, கால் அது மேல படுறதே இல்ல. கொலுசு கறுக்கும், தாலி கறுக்காது, அதே நியாயம்தான். கொஞ்சம் வெல ஜாஸ்தி. பழைய டொக்கு பெடல்லயும் இந்த ரிலே போர்ட உள்ள வச்சு மாத்திக்கலாம், இடம் இருக்கணும். தம்பிக்கு இது வேணுமான்னு கேட்டேன், அடுத்த வாரம் கச்சேரி இருக்குண்ணே, இருக்கிறதயே போட்டுக் குடுங்கன்னுட்டான், ஒம்பது கால் சுவிட்ச்சே போட்டுக் குடுத்தேன், முக்கா மணி நேர வேல.

கழட்டின பழைய சுவிட்ச்ச தூக்கிப் போடாதீங்க. மேல இருக்கிற தகரத்துல நாலு மூலையிலயும் மடிச்சு விட்ட காது இருக்கும், சின்ன ஸ்குரூ டிரைவரால நிமித்தினா டப்பா ரெண்டா பிரியும். அவன் கண்ணு முன்னாடியே பிரிச்சுக் காட்டினேன், மூணு பலகைல ரெண்டு பளபளன்னு இருந்துச்சு, ஒண்ணோட நுனி மட்டும் கரி பிடிச்ச மாதிரி கறுப்பு. பிரிக்கும்போது மேல ஒரு துணிய போட்டு மூடிக்கங்க, உள்ள இருக்கிற ஸ்பிரிங் எகிறும், எங்க வீட்ல எகிறினது இன்னும் கட்டிலுக்கு அடியில எங்கயோ கெடக்கு.